மோட்டார் சத்தமும் ஒரு சுருதி தான் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல திண்டிவனத்துல இருந்து ஒருத்தர் ஒத்த வரில கேட்டிருந்தாரு: "டான்ஸ் ஆடறவங்க, மியூசிக் போடறவங்க, ஃபேஷன் டிசைனர், அனிமேட்ரானிக்ஸ் பொம்மை செய்யறவங்க எல்லாம் சேர்ந்து ஒரே மேடைல இறங்கறாங்களே, அது கலையா சர்க்கஸா?" நானும் சோம்பேறித்தனத்துல "டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு பண்ணிக்கோங்க"ன்னு எழுதிட்டு நழுவிட்டேன். நீங்க விடல. வந்த லெட்டர்ல பாதி அதே விஷயம், மீதி பாதி என்னை திட்டி. அதனால இந்த தடவை பக்கம் பூரா இது தான். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், நான் மேடைக்கு டிரெஸ் தைக்கற ஆளு, என் பதில் கொஞ்சம் துணிப் பக்கமா சாயும், கண்டுக்காதீங்க.

அனிமேட்ரானிக்ஸ்னா ரோபோ தானே சார்? எதுக்கு தனியா ஒரு பேரு?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பாதி சரி. ஃபேக்டரில வெல்டிங் பண்ற ரோபோவை யாரும் பார்க்கலன்னாலும் அது பாட்டுக்கு வெல்டிங் பண்ணிட்டு இருக்கும். அனிமேட்ரானிக்ஸ் பொம்மையை யாரும் பார்க்கலன்னா அதுக்கு வேலையே கிடையாது, நம்மள நம்ப வைக்கறது தான் அதோட பொழப்பு. பேரு வந்தது டிஸ்னில இருந்து. 1963ல கலிபோர்னியா டிஸ்னிலேண்டுல ஒரு ரூம் நிறைய பாடற பறவைங்கள வெச்சாங்க, அடுத்த வருஷம் நியூயார்க் உலகக் கண்காட்சில ஆபிரகாம் லிங்கனே சேர்ல இருந்து எழுந்து நின்னு பேசினாரு. உள்ள இரும்பு எலும்புக்கூடு, அதை அசைக்க மோட்டாரோ காத்தழுத்தமோ ஆயில் அழுத்தமோ, மேல நுரை ரப்பர் இல்லன்னா சிலிகான் தோல்.

தலைவலி எப்பவும் அந்த தோல் தான். 1993ல வந்த ஜுராசிக் பார்க்ல டைனோசர் மழைல நிக்கற சீன் ஞாபகம் இருக்கா? நுரை ரப்பர் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணிய குடிச்சிடுச்சு, வெயிட் ஏறிப்போச்சு, அந்த வெயிட்டுக்கு உள்ள இருக்கற மெஷினுக்கு கணக்கே போடல, அதனால அவ்ளோ பெரிய டைனோசர் குளிர் ஜுரம் வந்த ஆளு மாதிரி கிடுகிடுன்னு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஷாட்டுக்கு ஷாட்டு தண்ணிய ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. அதை செஞ்ச ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டுடியோ ஆளுங்க பின்னாடி லெகசி எஃபெக்ட்ஸ்னு கம்பெனி போட்டாங்க, நம்ம எந்திரன்ல அனிமேட்ரானிக்ஸ் வேலை பார்த்தது அவங்க தான்.

இதெல்லாம் இப்ப பத்து வருஷமா வந்த ஃபேஷன் தானே?
– ஒரு வாசகர், காரைக்குடி

1917, மே 18, பாரிஸ். முதல் உலகப்போர் நடந்துட்டு இருக்கு. ஷாட்லே தியேட்டர்ல 'பரேட்'னு ஒரு பாலே. கதை ழான் காக்தோ, மியூசிக் எரிக் சதி, ஆட்டம் மஸீன், செட்டும் டிரெஸ்ஸும் பிக்காசோ. ஆமா, அந்த பிக்காசோ தான். ஆர்கெஸ்ட்ரால டைப்ரைட்டர், சைரன், துப்பாக்கி சத்தம் எல்லாம் உண்டு. பிக்காசோ என்ன பண்ணாருன்னா அட்டைலயே கட்டடம் மாதிரி ஒரு டிரெஸ் செஞ்சு, கிட்டத்தட்ட 3 மீட்டர் உசரம், அதை டான்ஸர் தலைல கவுத்துட்டாரு. ஆடறவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க, கை தூக்க முடியாது, திரும்ப முடியாது, பாவம் தொம் தொம்னு காலைத் தட்டிட்டு நடக்க தான் முடியும். அந்த நடை தான் கேரக்டர் ஆச்சு.

அதுலயே ஒரு குதிரை உண்டு, உள்ள ரெண்டு டான்ஸர். அது மேல ஒரு பொம்மை மனுஷன் உட்கார்ந்து வர்றதா பிளான், ரிகர்சல்ல அந்த பொம்மை விழுந்து விழுந்து வம்பு பண்ணுச்சு, சரி போடான்னு அதை தூக்கிட்டு குதிரையை மட்டும் ஆட விட்டாங்க, மியூசிக்கும் இல்லாம. தஞ்சாவூர் பக்கத்துல பொய்க்கால் குதிரை பார்த்தவங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது, நம்ம ஆளு இடுப்புல குதிரைக் கூடு, கால்ல மரக்கட்டை, பின்னாடி நையாண்டி மேளம்னு இதே மூணு கலையை ஒரே உடம்புல மாட்டிட்டு தெருவுல ஆடிட்டாரு.

பரேட் பத்தி மோசமா எழுதின ஒரு விமர்சகருக்கு சதி கெட்ட வார்த்தைல போஸ்ட் கார்டு போட்டு, கேஸாகி, 8 நாள் ஜெயில்னு தீர்ப்பாச்சு, அப்புறம் அதை நிறுத்தி வெச்சாங்க. எனக்கு லெட்டர்ல திட்டினவங்க கவனத்துக்கு.

நான் நட்டுவாங்கம் கத்துக்கறேன். ஜதி இல்லாம அடவு எப்படிங்க? இந்த மாடர்ன் டான்ஸ்காரங்க கூட்டா பண்றப்ப மியூசிக் முதல்லயா ஆட்டம் முதல்லயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

இந்த கேள்விக்கு தான்மா நான் காத்துட்டு இருந்தேன்.

ரெண்டு பேர் கதை சொல்றேன், ரெண்டும் எதிர் எதிர் துருவம். முதல்ல அமெரிக்கா. மெர்ஸ் கன்னிங்ஹாம்னு ஒரு டான்ஸர், ஜான் கேஜ்னு ஒரு மியூசிக் ஆளு, வாழ்க்கை பூரா சேர்ந்தே இருந்தவங்க. இவங்க ரூல் என்னன்னா ஆட்டத்துக்கும் மியூசிக்குக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. எத்தன நிமிஷம்னு மட்டும் பேசிப்பாங்க, அவர் தனியா எழுதுவாரு இவர் தனியா ஆட்டம் அமைப்பாரு, டிரெஸ் போடற ஓவியர் இன்னொரு பக்கம் தனியா, மூணும் சந்திக்கறது முதல் ஷோ அன்னிக்கு. டான்ஸருங்க பல தடவை மேடைல ஆடறப்ப தான் அந்த மியூசிக்கையே முதல் தடவையா கேட்பாங்க. தாளத்தை பாட்டுல தேட முடியாது, உடம்புக்குள்ளயே எண்ணிட்டு இருக்கணும், ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கவனிக்கணும். 2003ல ரேடியோஹெட், சிகுர் ராஸ் ரெண்டு பேண்டையும் வெச்சு ஒரு ஷோ பண்ணாங்க, எந்த மியூசிக் முதல்ல, எந்த டிரெஸ் முதல்லன்னு ஷோவுக்கு முன்னாடி தாயம் உருட்டி முடிவு பண்ணாங்க. நம்பித் தான் ஆகணும்.

ரெண்டாவது லண்டன். ஷோபனா ஜெயசிங், சென்னைல பிறந்தவங்க, பரதம் ஆடினவங்க. 1988ல அவங்க ஆட்டத்துக்காக மைக்கேல் நைமன்னு இங்கிலீஷ் கம்போஸர் ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எழுதினாரு, அதாவது ரெண்டு வயலின் ஒரு வியோலா ஒரு செல்லோ. இங்க தாளக் கணக்கை முதல்ல குடுத்தது டான்ஸ் பக்கம். கோர்வை இத்தனை, நடை இத்தனைன்னு கட்டம் போட்டு குடுத்துட்டாங்க, வெள்ளைக்கார கம்போஸர் அந்த கட்டத்துக்குள்ள ஸ்வரத்தை நிரப்பினாரு. உங்க நட்டுவனார் பார்த்தா "அது தானே முறை"ம்பாரு.

எது சரின்னு கேட்டா எனக்கு ரெண்டுமே சரி, நடுவுல இருக்கறது தான் பிடிக்காது. அதாவது "நீங்க பாட்டுக்கு வாசிங்க, நாங்க பாட்டுக்கு ஆடறோம், ஏதோ மேட்ச் ஆகும்"னு சொல்றது. கன்னிங்ஹாம் ஆளுங்க பண்ணது அது மாதிரி தெரியும், ஆனா அவங்க அந்த பிரிவுக்கே வருஷக்கணக்கா உடம்பை பழக்கினவங்க.

இன்னொரு சேதி. கேஜுக்கு இந்திய சங்கீதம் சொல்லிக் குடுத்தது அகமதாபாத் கீதா சாராபாய், 1946ல நியூயார்க் போயிருந்தப்ப. அவர் மேலை சங்கீதம் சொல்லிக் குடுத்தாரு, இவங்க நம்ம சங்கீதம் சொல்லிக் குடுத்தாங்க, பண்டமாற்று. 1964ல கன்னிங்ஹாம் கம்பெனியே இந்தியா வந்து ஆடுச்சு, அகமதாபாத்ல சாராபாய் குடும்பம் தான் வரவேத்தாங்க. அந்த குரூப்ல மியூசிக் பண்ண டேவிட் டியூடர் 1969ல திரும்ப அகமதாபாத் வந்து தேசிய டிசைன் காலேஜான என்.ஐ.டில மூக் சிந்தசைசர் வெச்சு எலெக்ட்ரானிக் மியூசிக் ஸ்டுடியோ போட்டாரு. 1969ல! நம்ம ஊர்ல அப்ப டிவியே வரல.

ரோபோவுக்கு பரதநாட்டியம் வருமா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

அரைமண்டி சூப்பரா வரும், நாள் முழுக்க போட்டுட்டு நிக்கும். ஆனா முட்டி வலிக்காத அரைமண்டியைப் பார்த்து எந்த டீச்சருக்கு திருப்தி வரும் சொல்லுங்க.

திருப்பூர்ல கார்மென்ட்ஸ்ல வேலை பார்க்கறேன். ஃபேஷன் டிசைனர் டான்ஸுக்கு டிரெஸ் பண்றதுன்னா பேருக்கு பளபளன்னு ஒண்ணு தைச்சு குடுத்துட்டு போட்டோ எடுத்துட்டு போறது தானே?
– ஒரு வாசகர், திருப்பூர்

பல இடத்துல அது தான் நடக்குது, மறுக்க மாட்டேன். ஆனா உங்க துணில இருந்தே ஆரம்பிக்கறேன். 1924ல பாரிஸ்ல 'நீல ரயில்'னு அர்த்தம் வர்ற ஒரு பாலே, கடற்கரைல பணக்காரங்க நீச்சல், டென்னிஸ், கோல்ஃப் ஆடற கதை. டிரெஸ் கோகோ ஷனேல். அந்தம்மா மேடைக்குன்னு தனியா எதுவும் பண்ணல, கடைல விக்கற மாதிரியே பின்னல் துணில நீச்சல் டிரெஸ் குடுத்தாங்க, உங்க ஊர் பாஷைல சொன்னா பனியன் துணி, ஆனா கம்பளில. பார்க்க அள்ளுச்சு. ஆனா ஆட்டத்துல தூக்கி போட்டு பிடிக்கற சர்க்கஸ் வேலை நிறைய, தொளதொளன்னு இருக்கற பின்னல் துணில கை எங்க பிடிக்கும்? டான்ஸருங்களுக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. ஜிஎஸ்எம், அதாவது துணியோட கனம், பார்த்து துணி எடுக்கற உங்களுக்கு இது சொன்னாலே புரியும்.

இப்ப 1997. ஜப்பான்ல இருந்து ரெய் கவாகுபோ, கோம் தெ கார்சோன்னு ஃபேஷன் கம்பெனி நடத்தற அம்மா. அந்த வருஷம் அவங்க ஒரு கலெக்‌ஷன் போட்டாங்க, ஸ்ட்ரெச் துணிக்குள்ள பஞ்சு மூட்டை மூட்டையா, முதுகுல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, சின்ன கட்டம் போட்ட ஜிங்கம் துணில. ஜனங்க சிரிச்சாங்க. கன்னிங்ஹாம் பார்த்துட்டு இதையே என் டான்ஸருங்களுக்கு போட்டு விடுங்கன்னு கேட்டு, நியூயார்க் புரூக்ளின்ல 'சினாரியோ'ன்னு அரங்கேறுச்சு. அங்க என்ன ஆச்சுன்னா, இருபது வருஷமா தன் உடம்பு எவ்ளோ அகலம்னு மனப்பாடமா தெரிஞ்ச டான்ஸர், திடீர்னு ஒரு பக்கம் மூட்டையோட சுத்தறாங்க, எடை ஒரு பக்கம் இழுக்குது, கை கீழ வந்தா இடுப்புல முட்டுது, பக்கத்துல இருக்கறவரை இடிக்குது. கட்டிப்பிடிச்சா நடுவுல தலகாணி. ஆட்டம் அதே ஆட்டம் தான், ஆனா உடம்பு வேற. என்னைக் கேட்டா துணி ஆடறவனுக்கு இப்படி ஏதாவது இடைஞ்சல் குடுக்கணும். இடைஞ்சலே குடுக்கலன்னா அது கூட்டு முயற்சி ஆகாது, ஒரே மேடைல நாலு பேரு தனித்தனியா நிக்கறாங்க, அவ்ளோ தான்.

அதுக்கு முன்னாடியே 1968ல கன்னிங்ஹாம் ஆட்டத்துக்கு ஆண்டி வார்ஹோல்ங்கற ஓவியர் வெள்ளிக் கலர் தலகாணி பண்ணி ஹீலியம் அடைச்சு மேடைல மிதக்க விட்டாரு. எங்க போகும்னு அதுக்கே தெரியாது, ஆடறவங்க கால்ல வந்து நிக்கும். டிரெஸ்ஸுக்கு ஜாஸ்பர் ஜான்ஸ்னு இன்னொரு ஓவியர், உடம்பு கலர் டைட்ஸை பிளேடால அங்கங்க கிழிச்சு விட்டாரு. தைக்கற ஆளா எனக்கு அந்த பிளேடு மேல ஒரு வருத்தம் உண்டு.

நான் சென்னைல ஃபேஷன் படிக்கறேன். ரோபோ பெயின்ட் அடிக்கற அந்த ஷோ வீடியோ எல்லா வகுப்புலயும் காட்டறாங்க. அதுல அப்படி என்ன தான் இருக்கு?
– ஒரு வாசகி, சென்னை

டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீனோட ஷோ, 1998 செப்டம்பர், லண்டன். ஷாலம் ஹார்லோன்னு மாடல், வெள்ளை டிரெஸ், சுத்தற ஒரு மர வட்டப்பலகை மேல நிக்கறாங்க, ரெண்டு பக்கமும் கார் ஃபேக்டரில பெயின்ட் அடிக்கற ரோபோ கை. அந்த கை ரெண்டும் முதல்ல தூக்கத்துல இருந்து எழுந்த பாம்பு மாதிரி மெதுவா அசைஞ்சு, இவங்களை மோந்து பார்க்கற மாதிரி பார்த்து, அப்புறம் கருப்பும் மஞ்சளும் பீச்சி அடிக்குது. அந்த மோந்து பார்க்கற நேரத்தை கவனிங்கம்மா. பெயின்ட் அடிக்க அது தேவையே இல்ல, புரோகிராம் பண்ணவங்க அதை நடிக்க வெச்சிருக்காங்க, மெஷின் அந்த இடத்துல தான் அனிமேட்ரானிக்ஸ் ஆகுது. இந்தப் பக்கம் ஷாலம் பாலே கத்துக்கிட்டவங்க, கை தூக்கறது, தடுக்கறது, சரணடையறது எல்லாம் உடம்புல இருக்கு. தன் ஷோல தன்னையே அழ வெச்சது அது ஒண்ணு தான்னு மெக்வீனே சொல்லியிருக்காரு.

அதே ஷோவை ஆரம்பிச்சு வெச்சது எய்மி மல்லின்ஸ், ரெண்டு காலும் முட்டிக்கு கீழ கிடையாது. அவங்களுக்காக மரத்துல கொடியும் பூவும் செதுக்கின கால் செஞ்சாங்க. பார்த்த பல பேர் அது ஏதோ புது மாடல் பூட்ஸ்னு நினைச்சுட்டாங்க. உங்க வகுப்புல பெயின்ட் மட்டும் காட்டினா, அதையும் காட்ட சொல்லுங்க.

ரோபோவோட ஜோடியா ஆடறப்ப யார் யாரை ஃபாலோ பண்ணுவாங்க?
– ஒரு வாசகர், ஓசூர்

ஓசூர்ல இருந்து கேட்கறீங்க, ஃபேக்டரில கூண்டுக்குள்ள ஆரஞ்சு கலர் கை ஒண்ணு வேலை செய்யறதைப் பார்த்திருப்பீங்க. கூண்டு எதுக்கு? அதுக்கு ஆளு இருக்கறது தெரியாது, குறுக்க போனா அடிச்சிட்டு போயிட்டே இருக்கும். தைவான்ல ஹுவாங் யீன்னு ஒரு டான்ஸர் அந்த கையை கூண்டுல இருந்து வெளிய கூட்டிட்டு வந்து கூட ஆடினாரு. சின்ன வயசுல டோரேமான் பார்த்து எனக்கும் இப்படி ஒரு ரோபோ ஃபிரண்ட் வேணும்னு ஆசைப்பட்டவராம். ரோபோவோட ஒவ்வொரு அசைவையும் அவரே புரோகிராம் பண்ணாரு, மணிக்கணக்கா உட்கார்ந்தா தான் சில நொடி ஆட்டம் கிடைக்கும். பார்க்கறப்ப ரோபோ அவரை ஃபாலோ பண்ற மாதிரி, ஏக்கமா திரும்பிப் பார்க்கற மாதிரியே இருக்கும். நிஜத்துல தலைகீழ், அது நேத்து எழுதி வெச்சபடி போகுது, இவர் தான் ஒரு செகண்ட் பிசகாம அது வர்ற இடத்துல போய் நிக்கறாரு. வாத்தியக்காரர்னா ஆடறவங்க மூச்சு வாங்கறதைப் பார்த்து காலத்தை கொஞ்சம் இழுத்துக் குடுப்பாரு, கண்ணாலயே பேசிப்பாங்க. ரோபோ யாருக்காகவும் காத்திருக்காது.

இதே வகை கையோட 2016 செப்டம்பர்ல ரியோ பாராலிம்பிக் தொடக்க விழால எய்மி பர்டி சாம்பா ஆடினாங்க. பனிச்சறுக்கு வீராங்கனை, ரெண்டு செயற்கைக் கால், போட்டிருந்தது இஸ்ரேல் டிசைனர் டானிட் பெலெக் 3டி பிரின்டர்ல செஞ்ச டிரெஸ். மெஷின் காலு, மெஷின் துணி, மெஷின் ஜோடி, நடுவுல மனுஷி ஒருத்தி. ஸ்டேடியம் பூரா அவங்களையே தான் பார்த்துச்சு.

குட்டி ரோபோ வேணும்னா பிளாங்கா லீ. ஸ்பெயின்காரங்க, டாஃப்ட் பங்க்ங்கற பிரெஞ்சு மியூசிக் ஜோடியோட 'அரவுண்ட் த வேர்ல்ட்' வீடியோக்கு ஆட்டம் அமைச்சவங்க. 2013ல 'ரோபோ'ன்னு பண்ண ஷோல மனுஷங்க கூட நாவோன்னு சுமார் 58 சென்டிமீட்டர் உசர ரோபோங்க, நடை பழகற குழந்தை மாதிரி தான் அதுங்க நிக்கறதே. மியூசிக் வாசிச்சது மேவா டென்கின்னு ஜப்பான் குரூப்போட மெஷின் வாத்தியங்க. இந்த மேவா டென்கி ஒரு தனி காமெடி. அப்பா நடத்தி திவாலான எலெக்ட்ரிக் கம்பெனியோட பேரை அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 1993ல எடுத்து வெச்சுக்கிட்டாங்க. போடறது கம்பெனி யூனிஃபார்ம், செய்யற கலைப்பொருளுக்கு பேரு 'புராடக்ட்', கச்சேரிக்கு பேரு 'புராடக்ட் டெமோ'. யூனிஃபார்மையே ஃபேஷன் ஆக்கினதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

எப்பவும் டான்ஸர் பேரு, டிசைனர் பேரு தான் போஸ்டர்ல வருது. சர்க்யூட் போட்ட இன்ஜினியர் எங்க?
– ஒரு இன்ஜினியர் வாசகர், பெரம்பூர்

நியாயமான கோபம். 1966 அக்டோபர்ல நியூயார்க்ல ஒரு ராணுவ அரங்கத்துல 'ஒன்பது மாலை'ன்னு நடந்துச்சு, 10 கலைஞர்கள், பெல் லேப்ஸ்ங்கற டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்து சுமார் 30 இன்ஜினியர்கள். சேர்த்து வெச்சவர் பில்லி க்ளூவர்னு ஒரு இன்ஜினியர். அதுல ரௌஷன்பர்க்ங்கற ஓவியரோட ஐட்டம் எனக்கு ரொம்ப பிடிக்கும்: டென்னிஸ் மேட்ச். பேட் கைப்பிடிக்குள்ள மைக்கும் குட்டி ரேடியோ டிரான்ஸ்மிட்டரும், பந்து பட்டா ஹால் பூரா டொய்ங்னு சத்தம், கூடவே ஒரு லைட் அணையும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு லைட். கடைசில கும்மிருட்டு, பந்து தெரியாது, மேட்ச் ஓவர். அந்த இருட்டுல 500 பேர் மேடைக்கு வர்றாங்க, கண்ணுக்கு தெரியாது, இன்ஃப்ராரெட் கேமரா வழியா ஸ்கிரீன்ல மட்டும் தெரியும். இதுல ஓவியர் செஞ்சது எது, இன்ஜினியர் செஞ்சது எதுன்னு பிரிச்சு காட்டுங்க பார்ப்போம்.

அதுக்கு முந்தின வருஷம் கன்னிங்ஹாம் மேடைல ஆன்டெனா கம்பம் நட்டாங்க, செஞ்சு குடுத்தது சிந்தசைசர் புகழ் ராபர்ட் மூக். டான்ஸர் கிட்ட போனா சத்தம் மாறும், க்ளூவர் ஆளுங்க வெச்ச ஃபோட்டோசெல் வெளிச்சத்தை மறைச்சா இன்னொரு சத்தம். 1965ல பண்ணிட்டாங்க, இப்ப நம்ம காலேஜ் சிம்போசியத்துல அதையே சென்சார் வெச்சு பண்ணி முதல் பரிசு வாங்கறாங்க, வாங்கட்டும்.

இவ்ளோ பெரிய கூட்டணி போட்டு ஊத்திக்கிட்டதே இல்லையா?
– ஒரு வாசகர், தேனி

கிங் காங் மியூசிக்கல். 2013ல மெல்போர்ன்ல, அப்புறம் 2018 நவம்பர்ல நியூயார்க் பிராட்வேல. குரங்கு 6 மீட்டர் உசரம், எடை சுமார் ஒரு டன். முகத்தை பின்னாடி ரூம்ல உட்கார்ந்து ரிமோட்ல அசைப்பாங்க, கைகாலை மேடைலயே கருப்பு டிரெஸ் போட்ட ஆட்கள் கயிறு பிடிச்சு இழுப்பாங்க, குரங்கோட கை தூக்கணும்னா ஒருத்தர் அது தோள் மேல இருந்து கயிறோட கீழ குதிப்பாரு, அவர் எடைக்கு கை மேல போகும். நம்ம பொம்மலாட்டத்துல ஆட்டறவர் பொம்மையை தூக்குவாரு, இங்க தன்னையே கீழ போட்டு தூக்கறாங்க, என்ன ஒரு அழகு. ஆனா ஷோ 2019 ஆகஸ்ட்ல மூடியாச்சு, ஒரு வருஷம் கூட ஓடல. பொம்மை செஞ்ச சானி டில்டர்ஸுக்கும் அவர் கம்பெனிக்கும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி அவார்டுல ஒரு ஸ்பெஷல் பரிசு குடுத்தாங்க. ஏன் ஊத்திக்கிச்சுன்னா, என் கணிப்பு இது, குரங்கு வந்தா எல்லாரும் ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. பாட்டு அதுக்கு வழி விட்டுச்சு, டான்ஸும் வழி விட்டுச்சு. குரங்குக்கு யாருமே இடைஞ்சல் குடுக்கல.

கோயில்ல ரோபோ யானை வந்துடுச்சே, அதுவும் இந்த கணக்குல வருமா?
– ஒரு வாசகி, கூடலூர்

கண்டிப்பா வரும், நான் எழுதலாம்னு இருந்தேன் நீங்க கேட்டுட்டீங்க. 2023 பிப்ரவரில திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில்ல ஒரு ரோபோ யானையை நடைல காணிக்கையா நிறுத்தினாங்க, பீட்டா அமைப்பு குடுத்தது, உசரம் 11 அடி கிட்ட, எடை 800 கிலோ, காது, கண்ணு, வாலு, துதிக்கை எல்லாம் மோட்டார்ல ஆடும். நிஜ யானையை சங்கிலி போட்டு வெடிச்சத்தத்துல நிக்க வைக்கறதை விட இது ஆயிரம் மடங்கு தேவலன்னு தான் என் கட்சி. ஆனா கலையா பார்த்தா ஒரு குறை. நெற்றிப்பட்டம் தங்கமா ஜொலிக்குது, குடை இருக்கு, மேளம் இருக்கு, அதாவது டிரெஸ்ஸும் மியூசிக்கும் பக்கா. பஞ்சாரி மேளம்னா அஞ்சு காலம், மெதுவா ஆரம்பிச்சு ஏறி ஏறி கடைசில சாமி வந்த மாதிரி போகும். மோட்டார் யானை காது மட்டும் முதல் காலத்துலயும் அதே ஸ்பீடு அஞ்சாம் காலத்துலயும் அதே ஸ்பீடு. ஒரு சாதாரண ரெகுலேட்டர், ஃபேனுக்கு வைக்கறோமே அது மாதிரி ஒண்ணு வெச்சு, செண்டை தெரிஞ்ச ஒரு பையன் கைல குடுத்துட்டா போதும், யானையும் மேளக்காரர் ஆயிடும்.

நம்ம சென்னைல யாரும் இப்படி பண்ணலையா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

ரோபோ இல்லாம நிறைய. சந்திரலேகா பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்துல இருந்துட்டு பரதம், களரி, யோகா எல்லாத்தையும் ஒரே ஆட்டத்துல கொண்டு வந்தாங்க, 2001ல 'சரீரா'வுக்கு குந்தேச்சா சகோதரர்கள் துருபத்னு பழைய ஹிந்துஸ்தானி பாணில பாடினாங்க. அவங்க கிட்ட ஆடி வந்த பத்மினி செட்டூர், சென்னைல குடியேறின டச்சு சாக்ஸபோன்காரர் மார்டன் விஸரோட சவுண்டுக்கு வருஷக்கணக்கா வேலை பண்ணியிருக்காங்க. அந்த ஆட்டம் எல்லாம் ரொம்ப மெதுவா போகும், பொறுமை வேணும். எனக்கு முதல் தடவை தூக்கம் வந்துச்சு, ரெண்டாவது தடவை வரல.

நாங்க இன்ஜினியரிங் காலேஜ் ரோபோட்டிக்ஸ் கிளப், டான்ஸ் கிளப்போட சேர்ந்து இறக்கை அசையற டிரெஸ் ஒண்ணு பண்ணலாம்னு இருக்கோம். என்ன கவனிக்கணும்?
– மாணவர்கள், கோயம்புத்தூர்

தம்பிங்களா, முதல்ல பேட்டரி. டான்ஸருக்கு வியர்க்கும், வியர்வை உப்புத்தண்ணி, வயர்ல பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பேட்டரியை உடம்போட ஒட்டி கட்டாதீங்க, நடுவுல கெட்டித் துணி வெச்சு தனி பை தைங்க, ஆடறவங்களே ஒரு கையால பட்டுனு பிடுங்கற மாதிரி கனெக்டர் வைங்க. ஸ்விட்ச் பின்னாடி நிக்கற பையன் கைல மட்டும் இருந்தா அது தப்பு. எடை முதுகுல ஏறாம இடுப்புல உட்காரணும், மலையேறறவங்க பை மாதிரி. பின்னல் ஜடையை கொண்டை போட சொல்லுங்க, கியர்ல சிக்கினா வெட்டி தான் எடுக்கணும், நான் வெட்டியிருக்கேன். ரிகர்சல் முதல் நாள்ல இருந்து இறக்கையோட தான் ஆடணும், மெஷின் ரெடி ஆகலன்னா அதே எடைக்கு மண்ணு மூட்டையாவது கட்டி விடுங்க. குட்டி பிளாஸ்டிக் சர்வோ மோட்டார் வாங்காதீங்க, கியர் பல்லு போயிடும், மெட்டல் கியர் எடுங்க. அதுவும் கத்தும்.

அந்த கத்தல் பத்தி தான் சொல்ல வந்தேன். பல வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு நான் இதே இறக்கை தைச்சேன், குடைக் கம்பில சட்டம், மேல ஆர்கன்சா துணி, அசைக்க புதுப்பேட்டைல வாங்கின பழைய கார் வைப்பர் மோட்டார். கண்ட்ரோல் சர்க்யூட்டு ரிச்சி ஸ்ட்ரீட் சாமான். ரிகர்சல் ஹால்ல ஏசி, ஃபேன் சத்தத்துல ஒண்ணும் தெரியல. மேடைல ஏறி அமைதியானதும் மோட்டார் ஊஊஊன்னு மாவு மில்லு மாதிரி, வயலின் வாசிக்க வந்திருந்த பெரியவர் வில்லை கீழ வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. மோட்டார் மேல பஞ்சு சுத்தினேன், சூடாச்சு. ரப்பர் வெச்சேன், நாத்தம் வந்துச்சு. ஷோவுக்கு ரெண்டு மணி நேரம் தான் பாக்கி, இறக்கை மாட்டி ஆட வேண்டிய பொண்ணு அழ ஆரம்பிச்சாச்சு. அப்ப அந்த பெரியவர் எழுந்து வந்து, மோட்டாரை போட சொல்லி காதை கிட்ட வெச்சு கேட்டுட்டு, ஸ்லோல ஒரு சுருதி ஃபாஸ்ட்ல ஒரு சுருதி, இறக்கை மேல போறப்ப பாரம் தாங்காம கொஞ்சம் இறங்குதுன்னு கண்டுபிடிச்சு, ஒண்ணும் பேசாம வயலினை மோட்டாருக்கு தக்க டியூன் பண்ணிட்டாரு. தம்பூரா வேண்டாம், இதுவே போதும்னாரு. இறக்கை ஏறி சுருதி லேசா தொங்கற ஒவ்வொரு தடவையும் அவரும் கூட இறங்கி ஒரு கமகம் போட்டு மேல வந்தாரு. பார்த்தவங்க அதை பிளான் பண்ணி செஞ்சோம்னு நினைச்சாங்க, நாங்களும் ஆமான்னுட்டோம்.

அந்த மோட்டார் இன்னும் என் கடைல தான் கிடக்கு. வேணும்னா வந்து எடுத்துட்டு போங்க, ஃபாஸ்ட் ஸ்பீடு மட்டும் இப்ப வேலை செய்யாது.